"மிஸ்ட்ரான்ஸ்லேஷன்" என்று எதையெல்லாம் சொல்லலாம்?

வரிக்கூலி · திங்கள், இரவு 9.42

வணக்கம். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்க வந்திருக்கிறேன். பின்னணியில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மருத்துவமனைக்காக நோயாளிகள் கையேடு, 16 பக்கம், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. அனுப்பிப் பத்து நாள் கழித்து ரிவ்யூ ஷீட் வந்தது. நான்கு இடங்களில் சிவப்பு. நான்கிலும் பிழை வகை என்ற கட்டத்தில் ஒரே சொல்: மிஸ்ட்ரான்ஸ்லேஷன். தீவிரம்: மேஜர். ஒன்றுக்கு ஐந்து மதிப்பெண் கழிவு, அதற்கேற்பக் கூலியிலும் பிடித்தம்.

முதலாவது, 'டிரௌஸினெஸ்' வரலாம் என்ற எச்சரிக்கை. "தூக்கக் கலக்கம் ஏற்படலாம்" என்று எழுதியிருந்தேன். அவர் "மயக்கம் ஏற்படலாம்" என்று மாற்றியிருக்கிறார். இரண்டாவது, "மாத்திரையைச் சாப்பிடவும்" என்பதை "உட்கொள்ளவும்" ஆக்கியிருக்கிறார். மூன்றாவது, அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மருத்துவமனையிலிருந்து கூப்பிடுவார்கள் என்ற இடம். "நாங்கள் உங்களை அழைப்போம்" என்றிருந்ததை "நாம் உங்களை அழைப்போம்" என்று திருத்தியிருக்கிறார். நான்காவதும் இதே ரகம், ஏதோ ஒரு வேற்றுமை உருபு, உப்புப் பெறாத விஷயம்.

மறுப்பு எழுத வியாழன் வரை நேரம் தந்திருக்கிறார்கள். என் கேள்வி இதுதான். ஆங்கிலத்தில் இந்தச் சொல் எதுவரைக்கும் போகும்? ரிவ்யூ செய்பவருக்குப் பிடிக்காத சொல்லெல்லாம் மிஸ்ட்ரான்ஸ்லேஷனா? அதோடு, அந்தச் சொல்லில் 'வேண்டுமென்றே' என்ற வாடை அடிக்கிறதா? எனக்கு அடிக்கிறது, அதனால்தான் கூடுதல் கோபம்.

---

அகராதிப்பூச்சி · திங்கள், இரவு 10.30

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். 'மிஸ்' என்ற முன்னொட்டு 'தவறாக' என்பதோடு நின்றுவிடும். தெரிந்தா தெரியாமலா என்று அது சொல்வதில்லை, சேர்ந்து வரும் வினையைப் பொறுத்து வாடை மாறும். மிஸ்பிரிண்ட் என்றால் யாரும் சதி என்று நினைக்க மாட்டார்கள். மிஸ்ரெப்ரசென்ட், அதாவது திரித்துக் காட்டுவது, என்றால் உடனே சந்தேகம் வரும். மிஸ்ட்ரான்ஸ்லேட் இரண்டுக்கும் நடுவில், கை தவறியது என்ற பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்கிறது. அதனால்தான் தெரிந்தே செய்ததைக் குறிக்க 'டெலிபரேட்' என்று முன்னால் ஒட்டவேண்டியிருக்கிறது. ஆகவே உங்களை யாரும் அயோக்கியர் என்று சொல்லவில்லை, கவனக்குறைவு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆறுதலா என்று தெரியவில்லை.

பயன்பாட்டில் இன்னொரு விசித்திரம். மேடையில் உடனுக்குடன் வாயால் மொழிபெயர்ப்பவர் இன்டர்பிரட்டர். அவர் தவறினால் அதை மிஸ்இன்டர்பிரட்டேஷன் என்றுதானே சொல்லவேண்டும்? முடியாது. அந்த நாற்காலியில் 'தப்பாகப் புரிந்துகொள்ளுதல்' ஏற்கெனவே துண்டு போட்டுவிட்டது. அதனால் வாய்ப்பிழைக்கும் மிஸ்ட்ரான்ஸ்லேஷன்தான் பெயர். 1977 டிசம்பரில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் வார்சாவில் போய் இறங்கினார். அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு வந்தேன் என்று அவர் சொன்னது, போலிஷ் மொழியில் அமெரிக்காவை ஒரேயடியாகக் கைவிட்டு வந்தேன் என்கிற மாதிரி போய்ச் சேர்ந்தது. போலந்து மக்களின் ஆசைகளை அறிய விரும்புகிறேன் என்றார். ஆசை என்ற இடத்தில் விழுந்த போலிஷ் சொல்லோ காம இச்சையைக் குறிப்பது. மொழிபெயர்ப்பாளருக்கு நாள் கூலி 150 டாலர் என்பதுவரை பத்திரிகைகளில் வந்தது. நம் தொழிலில் பிழை வந்தால்தான் கூலி செய்தியாகும்.

இனி உங்கள் ஷீட். கட்டங்களைப் பார்த்தால் எம்க்யூஎம் என்ற வகைப்பாட்டை ஒட்டியது போலிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த ஒரு திட்டத்தில் பிறந்தது அது. அதில் அக்யூரசி, அதாவது துல்லியம், என்ற தலைப்பின் கீழ் மிஸ்ட்ரான்ஸ்லேஷன் ஒரு கிளைதான். விட்டுப்போனது, இல்லாததைச் சேர்த்தது, மொழிபெயர்க்காமல் விட்டது எல்லாம் அதற்குப் பக்கத்துக் கிளைகள். கலைச்சொல்லுக்குத் தனித் தலைப்பு, நடைக்குத் தனித் தலைப்பு, வட்டார வழக்குக்குத் தனித் தலைப்பு. அதாவது மூலம் சொல்வது ஒன்று, உங்கள் வரி சொல்வது வேறு என்றால் மட்டுமே மிஸ்ட்ரான்ஸ்லேஷன். 'சாப்பிடவும்' என்பதற்கும் 'உட்கொள்ளவும்' என்பதற்கும் நடையில்தான் வேறுபாடு. அதைக்கூடப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். கார் கம்பெனிக்காரர்கள் பயன்படுத்தும் எஸ்ஏஇ ஜே2450 அளவுகோலில் நடைக்குக் கட்டமே கிடையாது. இப்படிப்பட்ட பஞ்சாயத்து வரக்கூடாது என்றுதான்.

---

சும்மா_ஒருவன் · திங்கள், இரவு 11.05

முதலாவதில் ரிவ்யூகாரர்தான் மாட்டுகிறார். டிரௌஸினெஸ் என்றால் கண் சொக்குவது. மயக்கம் என்றால் எங்கள் வீட்டில் தண்ணீர் தெளிப்பார்கள், சோடா வாங்க ஒருவர் ஓடுவார். மருந்துக் கையேட்டில் அப்படிப் போட்டால், சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைப் பார்த்து "இது அதில்ல, மயக்கம்னுதானே போட்டிருக்கு" என்று ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.

மிஸ்ட்ரான்ஸ்லேஷன் என்றால் ஒட்டகத்தைச் சொல்லாமல் விடலாமா? பைபிளில் ஊசிக்காதில் ஒட்டகம் நுழைவது. அது கயிறுதான், கிரேக்கத்தில் ஓர் எழுத்து மாறி ஒட்டகமாகிவிட்டது என்று ஒவ்வொரு பட்டிமன்றத்திலும் கேட்டிருக்கிறேன்.

---

அகராதிப்பூச்சி · திங்கள், இரவு 11.20

அந்த ஒட்டகத்தை விட்டுவிடுங்கள், அது பாவம். பழைய கையெழுத்துப் படிகளில் பெரும்பாலும் 'காமெலோஸ்' தான், அதாவது ஒட்டகம். கயிறு என்ற பொருள் தரும் 'காமிலோஸ்' பிற்காலத்துச் சில படிகளில்தான் வருகிறது. கயிறு என்ற விளக்கம் பழையதே, அலெக்சாந்திரியாவின் சிரில் சொல்லியிருக்கிறார். ஆனால் யூதர்களின் சமய நூலான தால்முதில் ஊசிக்காதில் யானை நுழைவது பற்றிப் பேச்சு வருகிறது. அங்கே கயிறும் இல்லை, எழுத்துப்பிழையும் இல்லை. நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்லும் பாணி அது. நாம் 'குதிரைக் கொம்பு' என்கிறோமே, அதைப் பிறகொருவர் எழுத்துப்பிழை என்று திருத்தினால் எப்படியிருக்கும்?

கவனித்தீர்களா, மூலத்தில் இருப்பது நமக்கு வினோதமாகத் தெரிந்தால் மொழிபெயர்ப்பாளர் தலையில் போட்டுவிடுகிறோம். இந்தச் சொல்லின் அதிகமான பயன்பாடு அதுதான் என்று எனக்குச் சந்தேகம்.

---

கோர்ட்டுக்_கட்டு · செவ்வாய், காலை 7.15

நான் 22 வருடமாக வழக்குக் கட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்க்கிறேன். கீழ்நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் சொல்வார், மேல்முறையீட்டுக்குப் போகும்போது உயர்நீதிமன்றத்துக்கு ஆங்கிலத்தில் வேண்டும்.

ஒருமுறை என்னிடம் சரிபார்க்க வந்த வாக்குமூலத்தில் ஒரு பெண் சொல்லியிருந்தது: "அவன் எம்மேல கை வச்சான்." பெயர்ப்பில் 'அவன் தன் கையை என்மீது வைத்தான்' என்று பொருள் வரும் ஆங்கிலம். சொல்லுக்குச் சொல் சரி, இலக்கணமும் சரி. ஆனால் படிப்பவருக்கு ஆறுதலாகத் தோளைத் தொட்டது போல இருக்கும். தமிழில் கை வைத்தல் என்றால் இடத்தைப் பொறுத்து அடித்தது, அத்துமீறியது, கல்லாவில் என்றால் திருடியது. முன்பின் வாக்கியங்களைப் படித்தால்தான் எது என்று தெரியும். இதை மிஸ்ட்ரான்ஸ்லேஷன் என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். பெயர்த்தவர் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்து "எந்தச் சொல் தப்பு, காட்டுங்கள்" என்றார். காட்டமுடியவில்லை. எந்தச் சொல்லும் தப்பில்லை.

அதனால் அந்தச் சொல்லைச் 'சொல் தவறு' என்று சுருக்காதீர்கள்.

---

அகராதிப்பூச்சி · செவ்வாய், காலை 8.02

கை வச்சான் அருமை, ஐயா. சோவியத் தலைவர் குருஷ்சேவ் சொன்னதும் இந்த ஜாதிதான். 1956 நவம்பர் 18, மாஸ்கோவில் போலந்துத் தூதரக விருந்து. மேற்கத்தியத் தூதர்களைப் பார்த்து "மீ வாஸ் பஹரோனிம்" என்றார். மொழிபெயர்ப்பாளர் சுகோத்ரெவ், 'உங்களைப் புதைப்போம்' என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல் சரி. அணுகுண்டுப் பயத்தில் இருந்த உலகம் அதைக் கொலை மிரட்டலாக எடுத்துக்கொண்டது. முதலாளித்துவத்தைப் புதைக்கப்போவது பாட்டாளி வர்க்கம் என்ற மார்க்சியப் பேச்சில் ஊறிய ஆள் அவர். உங்கள் கருமாதிக்கு நாங்கள் இருப்போம் என்கிற தொனி. 1963ல் யூகோஸ்லாவியாவில் அவரே, மண்வெட்டியால் புதைக்கிறோம் என்றா சொன்னேன், உங்கள் தொழிலாளி வர்க்கமே உங்களைப் புதைக்கும் என்று விளக்கவேண்டியதாயிற்று.

இதை மிஸ்ட்ரான்ஸ்லேஷன் பட்டியலில் சேர்ப்பவர்கள் நிறைய. நான் சேர்க்கமாட்டேன். ரஷ்ய மொழியிலேயே அது முரட்டுப் பேச்சுதான். முரட்டுத்தனத்தை மழுப்புவது மொழிபெயர்ப்பாளர் வேலையா?

---

கோர்ட்டுக்_கட்டு · செவ்வாய், காலை 8.40

அப்படியானால் என் சாட்சி விஷயத்திலும் 'கை வைத்தான்' என்று விட்டிருக்கலாமே? இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள்.

---

அகராதிப்பூச்சி · செவ்வாய், காலை 9.10

நியாயம். ஆனால் தமிழ் கேட்ட எவருக்கும் கை வச்சானில் சந்தேகம் வராது. ரஷ்யர்களுக்கே புதைப்போமில் இரண்டு தொனி கேட்டிருக்கும். மூலத்திலேயே இரட்டை இருந்தால் பெயர்ப்பிலும் இரட்டையாக விடுவதுதான் நேர்மை. இப்படித்தான் நான் பிரிப்பேன். நீங்கள் ஒப்புக்கொள்ளமாட்டீர்கள் என்று தெரியும்.

---

பாலக்காட்டான் · செவ்வாய், பகல் 1.25

சாப்பாட்டு இடைவேளையில் ஒரு குறுக்குச்சால். இரண்டு மொழிகளில் ஒரே மாதிரி இருந்து வேறு பொருள் தரும் சொல்லுக்கு 'ஃபால்ஸ் ஃபிரெண்ட்' என்று பெயர். அதையும் மிஸ்ட்ரான்ஸ்லேஷனையும் பலர் ஒன்றாக எழுதுகிறார்கள். ஒன்று காரணம், மற்றது விளைவு. பிரெஞ்சுக்காரர்கள் 1928லேயே ஆங்கிலச் சொற்களின் துரோகம் பற்றி இந்தப் பெயரில் புத்தகம் போட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் புத்தகமே வேண்டாம், பஸ் ஸ்டாண்டில் நின்றால் போதும். அவகாசம் என்றால் தமிழில் நேரம், தவணை. மலையாளத்தில் உரிமை. தகவல் அறியும் உரிமைக்கு இங்கே 'விவராவகாசம்' என்று பெயர். புதிதாக வந்த என் மைத்துனன் பலகையைப் பார்த்துவிட்டு "விவரம் சொல்ல டைம் கேட்கிறாங்களா?" என்றான். அதையே இந்திக்குக் கொண்டுபோனால் விடுமுறையாகிவிடும். உபன்யாசம் நமக்குக் கோயில் மண்டபத்தில் கேட்பது, இந்திக்காரருக்கு நாவல். மலையாளி வெள்ளம் கேட்டால் ஒரு டம்ளரில் கொடுக்கலாம்.

---

பழைய_புரூஃப் · செவ்வாய், மாலை 6.50

பக்கத்து மொழிக்குப் போகவே வேண்டாம் தம்பி. ஆண்டாள் வெண்சங்கிடம் "கருப்பூரம் நாறுமோ" என்று கேட்பதை இன்றைய நாற்றமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? குறுந்தொகையில் 'மொழிபெயர் தேஎத்தர்' என்று வருகிறது. ஒருவர் அதைப் பழந்தமிழரின் மொழிபெயர்ப்புப் பணிக்குச் சான்று என்று கட்டுரை எழுதிக்கொண்டு வந்தார். மொழி மாறுகிற தேசத்தில் இருப்பவர் என்று பொருள், வடக்கே போன காதலனைப் பற்றிய பேச்சு. பெயர்தல் என்றால் இடம் மாறுதல். மொழிபெயர்ப்பு என்ற சொல்லையே தப்பாக மொழிபெயர்த்த பெருமை அவருக்கு.

தமிழில் என்ன சொல்வது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அச்சகத்தில் நாங்கள் 'பெயர்ப்புப் பிழை' என்போம். 'அச்சுப் பிழை'க்கு ஜோடி. 'திரிபு' என்றால் வேண்டுமென்றே செய்தது என்று அர்த்தம், அந்தச் சொல்லைச் சண்டை வந்தால் மட்டும் எடுப்போம். பிழை யார் கணக்கில் என்பதுதான் எங்களுக்கு முக்கியம், ஏனென்றால் திரும்ப அச்சடிக்கும் காகிதச் செலவு அவர் தலையில்.

---

வெள்ளவத்தை · செவ்வாய், இரவு 8.15

ஐயா சொன்ன கணக்குப் பிரச்சினைக்கு எங்கட நாட்டுப் படம் ஒன்று இருக்குது. பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கான ஆசனம் என்று எழுதவேண்டிய இடத்தில் தாய் நாயாகிவிட்டது. இணையமெல்லாம் சுற்றியது. எல்லாரும் மொழிபெயர்ப்பு மோசம் என்று திட்டினார்கள். மொழிபெயர்ப்பில் என்ன பிழை? தமிழ் தெரியாத ஒருவர் 'த'வை 'ந' என்று பார்த்து எழுதியிருப்பார். தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் பலகை அடிப்பதுதான் பிழை. ஆனால் அதற்கு உங்கட ஷீட்டில் கட்டம் இருக்காது.

வரிக்கூலி தங்கச்சி, மூன்றாவது விஷயத்தில் அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகவேண்டாம். உங்கட ஆட்களுக்கு 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி. 'நாம் உங்களை அழைப்போம்' உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இங்கே எழுத்துத் தமிழில், கடிதம் அறிவித்தல் எல்லாவற்றிலும், கேட்பவரைச் சேர்க்காமலே 'நாம்' என்று எழுதுவது வழக்கம். 'எமது நிறுவனம்', 'எம்முடன் தொடர்புகொள்ளுங்கள்' பார்த்திருப்பீர்கள். உங்களைத் திருத்தியவர் எங்கட பக்கத்து ஆளாக இருக்கக்கூடும்.

---

வரிக்கூலி · செவ்வாய், இரவு 9.00

அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. கையேடு சென்னை மருத்துவமனைக்கு. அப்படியானால் அவர் திருத்தம் வட்டார வழக்கு என்ற கட்டத்தில் வரவேண்டும், அதுவும் என்னைத் திருத்தக்கூடாது, சரிதானே? மறுப்பில் "நீங்கள் தமிழ் படியுங்கள்" என்ற மாதிரி ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

சரி, தெரிந்தே செய்வது பற்றி யாராவது சொல்லுங்கள். அது நிஜத்தில் நடக்கிறதா?

---

அகராதிப்பூச்சி · செவ்வாய், இரவு 10.45

நடந்ததா இல்லையா என்று 180 வருடங்களைத் தாண்டியும் பேசிக்கொண்டிருக்கும் ஒன்று: நியூசிலாந்தின் வைதாங்கி ஒப்பந்தம், 1840. ஆங்கிலப் பிரதியில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் இறையாண்மையையே பிரிட்டிஷ் அரசிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். மாவோரிப் பிரதியில் அந்த இடத்தில் 'காவனதங்கா'. கவர்னர் என்ற ஆங்கிலச் சொல்லை மாவோரி நாக்குக்கு வளைத்துச் செய்த சொல் அது, ஆளுநர் வேலை என்கிற அளவுக்குத்தான் பொருள். அடுத்த பிரிவிலேயே நிலத்தின் மீதும் ஊர்களின் மீதும் தலைவர்களின் முழு அதிகாரம் தொடரும் என்று உறுதி தருகிறது. மாவோரிப் பிரதியில் கையெழுத்திட்டவர்கள் 500 பேருக்கு மேல், ஆங்கிலப் பிரதியில் 39 பேர்.

பெயர்த்தவர் ஹென்றி வில்லியம்ஸ் என்ற பாதிரியார், மகன் எட்வர்டோடு சேர்ந்து பிப்ரவரி 4 இரவு ஒரே மூச்சில் செய்தார். ஒரே ராத்திரி என்பது அவருக்குச் சாதகமான சாட்சி. பாதகமான சாட்சி, ஐந்து வருடம் முன்பு 1835ல் மாவோரிகள் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனம். அதன் மாவோரி வடிவத்திலும் இவர் கை உண்டு. அதில் இறையாண்மை பற்றிய இடத்தில் 'மனா' என்ற கனமான சொல் இருக்கிறது. 'மனா'வைத் தருகிறோம் என்று எழுதியிருந்தால் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார்கள் என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்தச் சொல் தெரிந்தவர் இங்கே ஏன் அதைத் தொடவில்லை? வரலாற்றாசிரியர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். எனக்கு, அவசரம் பாதி, கையெழுத்து விழவேண்டுமே என்ற ஆசை பாதி என்று படுகிறது.

---

சும்மா_ஒருவன் · புதன், காலை 6.30

நான் ஆப் மொழிபெயர்ப்பவன். எங்களுக்கு வாக்கியம்கூடக் கிடையாது, எக்செல் கட்டத்தில் ஒற்றைச் சொல். 'லெஃப்ட்' என்று வந்தது, 'இடது' என்று போட்டேன். ரிலீஸ் ஆனபிறகு பார்த்தால் "உங்கள் சந்தா முடிய 2 நாட்கள் இடது". இது யார் கணக்கில், புரூஃப் ஐயா?

---

பழைய_புரூஃப் · புதன், காலை 7.05

சொல்லைத் தனியாகப் பிய்த்து அனுப்பியவன் கணக்கில். ஆனால் கேள்வி கேட்காமல் போட்டதற்கு உன் கணக்கில் நாலணா.

---

கோர்ட்டுக்_கட்டு · புதன், காலை 7.30

மருத்துவ விஷயம் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஸ்பானிஷ் மொழியில் 'ஓன்செ' என்றால் பதினொன்று. ஆங்கிலத்தில் ஒரு தடவை என்பதற்கான 'ஒன்ஸ்' எழுத்தில் அச்சு அசலாக அதேதான். மருந்துச் சீட்டில் ஸ்பானிஷ் வரிக்கு நடுவே அந்த ஆங்கிலச் சொல் அப்படியே நின்றுவிட்டால், தினம் ஒருமுறை என்பது பதினொரு முறை ஆகும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருந்துக்கடைகளில் கம்ப்யூட்டர் அச்சிட்டுத் தந்த ஸ்பானிஷ் சீட்டுகளில் ஏறக்குறைய பாதியில் பிழை என்று 2010ல் ஓர் ஆய்வு வந்தது. ஆகவே உங்கள் ஷீட்டில் 'மேஜர்' போடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. எங்கே போடுகிறார்கள் என்பதில்தான்.

அது இருக்கட்டும். நான்காவது என்ன? உப்புப் பெறாத உருபு என்று சொல்லிவிட்டு அப்படியே கடந்துபோய்விட்டீர்கள். உருபு எங்கள் கோர்ட்டில் ஆளைத் தூக்கில் போடும்.

---

வரிக்கூலி · புதன், மாலை 4.10

வெளியே போயிருந்தேன். இதோ. ரத்த அழுத்த மாத்திரை பற்றிய வரி. மருத்துவர் நிறுத்தச் சொன்னால் ஒழிய நிறுத்தாதீர்கள் என்பது ஆங்கிலம். நான் எழுதியது: "மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்." அவர் "மருத்துவர் சொல்லாமல்" என்று மாற்றியிருக்கிறார். மூன்றெழுத்தை வெட்டியதற்கு ஐந்து மதிப்பெண்.

---

கோர்ட்டுக்_கட்டு · புதன், மாலை 4.25

அம்மா, மெதுவாக ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் வரியில் யார் சொல்கிறார்? நோயாளி. அவர் வரியில் யார் சொல்கிறார்? மருத்துவர்.

---

சும்மா_ஒருவன் · புதன், மாலை 4.31

ஐயையோ. "டாக்டர்கிட்ட போன்ல சொல்லிட்டேன், நிறுத்திட்டேன்." என் மாமனார் சரியாக இதைத்தான் செய்வார். ரிசப்ஷனில் சொன்னாலே போதும் என்பார்.

---

பழைய_புரூஃப் · புதன், மாலை 5.00

நேற்றே அந்த வரியைப் போட்டிருந்தால் நானும் சரி என்றுதான் விட்டிருப்பேன். நல்ல தமிழாக இருக்கிறது, நாக்கில் எங்கும் இடறவில்லை. நாயாகிப்போன தாயை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

---

வரிக்கூலி · புதன், இரவு 11.50

ஒன்றரை மணி நேரம் இதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 'மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் செய்யாதே' என்று அம்மா வீட்டில் சொல்லிச் சொல்லி அந்தத் தொடர் கையோடு வந்துவிட்டது. ஆங்கிலத்தை நான் தப்பாகப் புரிந்துகொள்ளவே இல்லை. தமிழ் தானாக ஓடிவிட்டது.

மறுப்பைத் திருத்தி அனுப்பிவிட்டேன். முதலாவது: திருத்தமே பொருளை மாற்றுகிறது, 'தூக்கக் கலக்கம்' இருக்கட்டும். இரண்டாவது: நடை, மதிப்பெண் கழிக்கக்கூடாது. மூன்றாவது: இரண்டு நாட்டு வழக்கு, சென்னை வாசகருக்கு 'நாங்கள்' வேண்டும். நான்காவது: மிஸ்ட்ரான்ஸ்லேஷன், மேஜர் போதாது, கிரிட்டிக்கல் என்று மாற்றிக்கொள்ளவும். அச்சுக்குப் போய்விட்டதா என்றும் கேட்டிருக்கிறேன்.

---

வரிக்கூலி · வெள்ளி, காலை 10.20

பதில் வந்தது. அச்சுக்குப் போகவில்லை. முதல் மூன்றையும் எடுத்துவிட்டார்கள். வெள்ளவத்தை அண்ணா, உங்கள் ஊகம் சரி, அவர் வவுனியாக்காரராம். "நாங்கள் என்பது எனக்குப் பேச்சு வழக்காகப் பட்டது, மன்னிக்கவும்" என்று தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறார். நான்காவதை மேஜராகவே வைத்திருக்கிறார், கிரிட்டிக்கல் ஆக்கவில்லை. அச்சாகும் முன்பே பிடித்துவிட்டோமே என்று காரணம்.